‘கெட்’ என்றால் ‘பெறு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ‘கெட்’ என்ற வினைக்கு ‘பெறு’ என்று ஒரே பொருள் போட்டு, அதன் கீழே முக்காலத்துக்கும் கட்டம் கட்டியிருந்தீர்கள். கட்டத்தில் பிழை இல்லை. ஆனால் நான் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவன். ‘கெட்’ வராத காட்சி அபூர்வம். அதை ‘பெறு’ என்று எழுத வாய்க்கும் இடம் அதைவிட அபூர்வம்.

‘பெறு’ கொஞ்சம் மேடையேறிய சொல். விருது பெறுவார்கள், பட்டம் பெறுவார்கள், கடன் பெறுவார்கள். ‘ஐ காட் எ லெட்டர்’ என்பவருக்கோ கடிதம் வந்தது, அவ்வளவுதான். ‘ஐ காட் எ கோல்ட்’ என்றால் எனக்குச் சளி பிடித்துவிட்டது. சளியை யாராவது பெறுவார்களா? ஆங்கிலத்தில் ‘நான்’ என்று நிற்பவர் தமிழில் ‘எனக்கு’ ஆகிவிடுகிறார். இந்த ஒரு மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிதான் சுவையானது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’: இருட்டிக்கொண்டு வருகிறது. ‘ஐ காட் டயர்ட்’: களைத்துப் போனேன். ‘தே காட் மேரீட்’: கல்யாணம் செய்துகொண்டார்கள். ‘ஐ காட் ஹிம் டு சைன்’: அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். வா, போ, கொள், வை என்று நாம் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்திருப்பதை ஆங்கிலம் ஒற்றை ‘கெட்’டின் தலையில் கட்டிவிடுகிறது. ‘ஹி வாஸ் பீட்டன்’ என்றால் ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று எழுதலாம், செய்தி வாசிப்பது போல. ‘ஹி காட் பீட்டன்’ வந்தால் நான் ‘அடி வாங்கினான்’ என்றுதான் எழுதுவேன். இரண்டிலும் விழுந்த அடி ஒன்றுதான். சொல்பவரின் குரல் வேறு.

முன்னொட்டு பின்னொட்டு எல்லாம் இல்லாமல் ‘கெட்’டோடு ஒரு சின்னச் சொல் ஒட்டினால் போதும், அகராதி கைவிட்டுவிடும். காதலில் தோற்றவனிடம் நண்பன் ‘கெட் ஓவர் ஹெர்’ என்கிறான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெளியே சொல்ல முடியாது. ‘அவளை மறந்துடுடா’ என்று போட்டேன்.

அமெரிக்கர்கள் இதில் இன்னொரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பதைச் சொல்ல ‘ஐ ஹேவ் காட்’. புதிதாகக் கிடைத்ததைச் சொல்ல ‘ஐ ஹேவ் காட்டன்’ (துணி அல்ல). பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘காட்’தான். தங்கள் கட்டத்தில் ‘காட்டன்’ இல்லவே இல்லை. அமெரிக்கத் தொடர் பார்க்கும் பிள்ளைகள் அதைத் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ரிசீவ்’, ‘ஒப்டெய்ன்’ எழுதுவது நல்லதுதான், மறுக்கவில்லை. பேச்சில் அவற்றைப் போட்டால் விறைப்பாக இருக்கும்.

அடுத்த வாரம் ‘டேக்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து ‘எடு’ என்று எழுதிக் கட்டம் கட்டிவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுவது, பஸ்ஸில் போவது, குளிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ‘டேக்’தான். ஆளுக்கொரு வாக்கியமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதும் வாசகர் ஒருவர்