ஒரே வயிற்றுச் சிவப்புகள்

கொடைக்கானல்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மையில் சோம்பல்தான். கால் இப்போது தேவலை. கம்பு இல்லாமல் தோட்டம் வரை போய் வருகிறேன், படி இறங்கும்போது மட்டும்தான் பிடிக்கிறது. பேரன் முழுப்பரீட்சை லீவு பூராவும் இங்கேதான் இருந்தான். போகும்போது என் கவாத்துக் கத்தரியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ரோஜா விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் வைக்க நல்ல அடர் சிவப்பு வேண்டும், மணம் இருக்க வேண்டும், பாப்பா மெய்லாண்ட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கௌரி. அதே குடும்பத்தில் உனக்குத் தோதான வேறொன்று இருக்கிறது. மிஸ்டர் லிங்கன் வாங்கு.

அதே குடும்பம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பாப்பா மெய்லாண்ட், மிஸ்டர் லிங்கன், ஓக்லஹோமா மூன்றுக்கும் தாய், அதாவது காய் பிடித்த செடி, கிரைஸ்லர் இம்பீரியல் என்ற ரோஜா. தகப்பன், மகரந்தம் தந்த செடி, சார்லஸ் மல்லெரின். முதலாவதை 1963இல் பிரான்ஸில் மெய்லாண்ட் குடும்பத்தார் வெளியிட்டார்கள். மற்ற இரண்டும் அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் என்ற இருவர் உருவாக்கி, 1964இல் வெளிவந்தவை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஜோடியைச் சேர்த்திருக்கிறார்கள்!

மூன்றும் என்னிடம் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் குணம் ஒட்டவே இல்லை. நேற்றுக் காலை ஏழு மணிக்கு மூன்றிலும் ஒவ்வொரு பூவைப் பறித்து டம்ளரில் வைத்துப் பார்த்தேன். பாப்பா மெய்லாண்டின் வெளி இதழ் வெல்வெட்டைத் திருப்பித் தடவியது போல, ஓரத்தில் ஏறக்குறையக் கறுப்பாக இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் ரத்தச் சிவப்பு தெரிகிறது. அந்த மணத்தை நாசூக்கானது என்று சொல்ல முடியாது, கதவைச் சாத்தினாலும் அறையைவிட்டுப் போகாது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 1988இல் அதைத் தன் புகழ்ப் பட்டியலில் சேர்த்ததில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. செடிதான் நோஞ்சான். சாம்பல் நோய் இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கேட்கும் விலாசம் அதுதான். மாடியில் தினமும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க உனக்குப் பொறுமை கிடையாது, எனக்குத் தெரியும்.

ஓக்லஹோமா இன்னும் கொழுத்த பூ. இதழ் நெருக்கம் அதிகம் என்பதால் எங்கள் ஊர்ப் பனியில் மொட்டு முழுக்க விரியாமல் உருண்டையாகவே நின்று அழுகிவிடும். வெயில் ஊரில் நன்றாக விரியும், ஆனால் பூ முதிர முதிர நாவல்பழக் கறை மாதிரி ஊதா ஏறும். சிவப்பு ரோஜாக்கள் பலவற்றுக்கும் உள்ள வியாதிதான் இது. இதழுக்குள் இருக்கும் சாற்றின் புளிப்பு குறையக் குறைய அதே சாயம் நீலம் காட்டுகிறது.

லிங்கன் நடுவில் நிற்கும் பிள்ளை. முப்பது முப்பத்தைந்து இதழ், நீளக் காம்பு, அண்ணாந்து பார்க்கும்படி வளரும். முழுக்க மலர்ந்த பிறகு நடுவில் மகரந்தம் தெரிய அகலமாக உட்கார்ந்துவிடும். பாதி விரிந்தபோதுதான் அழகு, அதனால் அந்தப் பக்குவத்திலேயே பறித்துவிடு. மணம் பாப்பாவுக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

இந்தத் தாய் கிரைஸ்லர் இம்பீரியல் 1952இல் வந்தது, காரின் பெயர்தான். அதன் வம்சத்தைக் கேட்டால் சிரிப்பாய். தாய் சார்லட் ஆம்ஸ்ட்ராங், தகப்பன் மிராண்டி. அந்த மிராண்டிக்குத் தகப்பன் யார் தெரியுமா? அதே சார்லட் ஆம்ஸ்ட்ராங். மனுஷரில் இதற்கு உறவுமுறைச் சொல்லே கிடையாது, எந்தப் பெரியம்மாவைக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொள்வாள். உன் வீட்டு வாசலில் நிற்கும் இளஞ்சிவப்பு குவீன் எலிசபெத்தும் சார்லட் பெற்றதுதான். வெள்ளையில் சிவப்பு விளிம்போடு வருகிற டபுள் டிலைட்டுக்கோ அது தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் மூதாதை. 1940இல் வந்த அந்த ஒரு செடியை இன்று நட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள்தான் ஊரெல்லாம்.

ஒரே பெற்றோருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், இந்த ரோஜாக்களில் குரோமோசோம்கள் ஏழு ஏழாக நான்கு தொகுதி, மொத்தம் 28. பாட்டன் முப்பாட்டன் சரக்கெல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. ஒரே காயில் பத்து விதை இருந்தால் பத்தும் பத்து ரகம். அதனால்தான் பிடித்த ஒன்றை விதை போட்டுப் பெருக்க முடியாது. குச்சி நட்டோ, அதன் கண்ணை எடுத்து வேறு அடிச்செடியில் ஒட்டிக் கண் ஒட்டுப் போட்டோதான் பெருக்க வேண்டும்.

ஒட்டு என்றதும் நினைவு வருகிறது. நான் முதலில் வாங்கிய "பாப்பா" ஒரு வருஷம் தளதளவென்று வளர்ந்தது. பூத்தபோது கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ! ஒட்டு எப்போதோ செத்துப்போய் அடிச்செடி மட்டும் வளர்ந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் "மலைக்கு வந்ததால் நிறம் மாறியிருக்கும்மா" என்றார். செடி வாங்கும்போது ஒட்டு முடிச்சுக்குக் கீழே துளிர் வந்திருக்கிறதா என்று பார். வந்திருந்தால் கிள்ளாதே, அடியோடு பிய்த்துவிடு.

இன்னொன்று. இவையெல்லாம் நம் ஊர் வெயிலுக்கென்று உருவானவை அல்ல. வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று இதே கொடைக்கானலில் வீரராகவன் என்பவர் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களை வைத்துக் கலப்புச் செய்தார். தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் பெயரில்கூட அவரும் மனைவி கிரிஜாவும் ஒரு ரோஜா உருவாக்கினார்கள். அது உனக்குக் கிடைப்பது கஷ்டம். ஆனால் லிங்கனுக்குத் துணையாக ஒரு எட்வர்ட் ரோஜா வை. மாலை கட்டும் அந்தப் பழைய இளஞ்சிவப்புதான். ரீயூனியன் தீவில் வேலியில் நின்ற சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் யாரும் கை வைக்காமல் தாமாகக் கலந்து பிறந்தது என்கிறார்கள். உன் மதுரை வெயிலுக்கு அசையாது. லிங்கன் சித்திரையில் பூ சிறுத்து, ஓரம் கருகி நிற்கும்போது இது உன்னைக் கைவிடாது.

தொட்டி பெரியதாக இருக்கட்டும், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் பார்த்து வை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் கவாத்து செய்.

போன வருஷம் லிங்கனில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டிருந்தேன். நாலு விதை போட்டேன், இரண்டு முளைத்தன. ஒன்றைச் சாம்பல் நோய் கொண்டுபோனது. மற்றொன்று சாண் உயரம், நுனியில் பட்டாணி அளவு மொட்டு. நிறம் இன்னும் தெரியவில்லை. தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறேன், முழங்கால் திட்டுகிறது.

உன்,
தமயந்தி