அனாபொலிஸின் இரண்டு சிலைகள்

அன்பு நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டீர்கள் என்பதை உங்கள் கையெழுத்தைக் கண்டதுமே தெரிந்துகொண்டேன், மனம் நிறைந்தது. இங்கே மகள் வீட்டில் அனைவரும் நலம். பேரனுக்கு இந்த ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநில வரலாறு பாடமாக இருப்பதால், மாலை நேரங்களில் அவனோடு சேர்ந்து நானும் படித்துவருகிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கேள்வியும் வந்து சேர்ந்தது. இம்மாநிலத் தலைநகரான அனாபொலிஸில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் 1872 முதல் இருந்துவந்த, அந்நாள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானியின் சிலையை 2017 ஆகஸ்டில் அகற்றியதைப் பற்றி, "அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே, சிலையை எடுத்தால் வரலாற்றையும் எடுத்ததாக ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலமெல்லாம் வரலாறு கற்பித்த உங்களுக்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

டானி 1777இல் இம்மாநிலத்தின் கால்வெர்ட் மாவட்டத்தில், புகையிலைப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அவரை வெறும் கொடியவராகக் காட்டிவிடுவது நியாயமாகாது. தம்மிடம் இருந்த அடிமைகளை அவர் விடுவித்தார். அடிமை முறையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்ததற்காக வழக்கில் சிக்கிய மெதடிஸ்ட் போதகர் ஒருவருக்காக 1819இல் வாதாடியபோது, அந்த முறை நாட்டின் மீது படிந்த கறை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அதே மனிதர்தான், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக 1857இல், டிரெட் ஸ்காட் என்னும் அடிமை விடுதலை கோரித் தொடுத்த வழக்கில் தீர்ப்பு எழுதியபோது, அரசியலமைப்பு உருவான காலத்தில் வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் கறுப்பின மக்களுக்கு இருந்ததாகக் கருதப்படவில்லை என்றும், ஆகவே அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றும் அறிவித்தார். அவர் மணந்தது பிரான்சிஸ் ஸ்காட் கீயின் தங்கையை. 1814இல் பால்டிமோர் துறைமுகத்து மக்ஹென்றி கோட்டையின் மீது ஆங்கிலேயர் இரவெல்லாம் குண்டு பொழிந்ததைக் கப்பலிலிருந்து பார்த்து, பிற்காலத்தில் தேசிய கீதமாக ஆன பாடலை எழுதியவர் கீ. அவரும் இம்மாநிலத்தவர், அடிமைகளை வைத்திருந்தவர்.

தொடக்க வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்களுக்குப் புகலிடமாகக் கால்வெர்ட் குடும்பத்தார் 1634இல் அமைத்த குடியேற்றம் இது. 1649இலேயே சமயச் சகிப்புச் சட்டம் இயற்றிய பெருமை இதற்கு உண்டு என்றாலும், அந்தச் சகிப்பு கிறிஸ்தவர்களுக்குள் மட்டும் இருந்தது. யூதர்கள் இங்கே அரசுப் பதவி வகிக்க 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அதற்குப் பிந்தைய காலம். புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டதால், பண்ணையார்கள் பலர் கோதுமைக்கு மாறினார்கள். கோதுமைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. எனவே சிலர் அடிமைகளை விடுவித்தார்கள். சிலர் பால்டிமோருக்குக் கூலிக்கு அனுப்பினார்கள். இன்னும் பலர் தெற்கத்திப் பருத்திப் பண்ணைகளுக்கு விற்றார்கள். 1860 கணக்கெடுப்பின்படி இங்கே அடிமைகள் 87,189 பேர், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 83,942 பேர். வேறெந்த மாநிலத்திலும் விடுதலை பெற்றவர்கள் இவ்வளவு பேர் இல்லை. ஒரே குடும்பத்தில் தந்தை விடுதலை பெற்றவர், தாய் அடிமை. கணவன் சுதந்திர மனிதன், மனைவி இன்னொருவரின் சொத்து. விடுதலையைத் தினமும் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டே அடிமையாக வாழ்ந்த மக்கள் அவர்கள். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸும் ஹாரியட் டப்மனும் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், அடுத்தடுத்த காலத்தில் பிறந்தது தற்செயல் அன்று என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

டக்ளஸ் 1818இல் டால்பட் மாவட்டத்தில் பிறந்தார். ஏறக்குறைய எட்டு வயதில் பால்டிமோரில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு அம்மையார் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க, கணவர் அதைத் தடுத்துவிட்டார். அதன்பின் தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொண்டார். எழுதக் கற்றுக்கொண்டது கப்பல் கட்டும் தளத்தில். கப்பலின் இடப்பக்கத்தில் பொருத்த வேண்டிய மரத்தில் தச்சர்கள் 'எல்' என்றும், வலப்பக்கத்துக்கு உரியதில் 'எஸ்' என்றும் குறிப்பார்கள். அவற்றைப் பார்த்து அந்த எழுத்துகளை வரையப் பழகிக்கொண்டு, எழுதத் தெரிந்த சிறுவன் யாரையாவது கண்டால், "உன்னைப் போல எனக்கும் எழுதத் தெரியும்" என்று சவால் விட்டு, அவன் எழுதிக் காட்டும் மற்ற எழுத்துகளையும் பிடித்துக்கொள்வாராம். 1838 செப்டம்பரில், கடன் வாங்கிய கப்பல் தொழிலாளர் சான்றிதழோடும் மாலுமி உடையோடும் பால்டிமோரில் ரயிலேறி, ஒரு நாளுக்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். துறைமுக நகரமும், அதில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பின மக்களும், வடக்கே பக்கத்திலேயே இருந்த, அடிமை முறை இல்லாத பென்சில்வேனியாவின் எல்லையும் இல்லையென்றால் இது நடந்திருக்காது.

டப்மன் பிறந்தது அதற்குத் தெற்கே, டார்செஸ்டர் மாவட்டத்துச் சதுப்பு நிலத்தில். சிறுமியாக இருந்தபோது குளிர்கால நீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்துவரும் வேலை. மரம் வெட்டும் தந்தையோடு காட்டில் வேலை செய்து வழியறியும் திறனைப் பெற்றார். வேறோர் அடிமையைக் குறிவைத்து மேற்பார்வையாளர் எறிந்த எடைக்கல் தலையில் பட்டதால், வாழ்நாள் முழுதும் திடீர் உறக்கம் அவரை ஆட்கொண்டது. அந்த உடல்நிலையோடு 1849இல் தப்பிச் சென்றவர், சுமார் பதின்மூன்று முறை திரும்பிவந்து ஏறக்குறைய எழுபது பேரை அழைத்துச் சென்றார். தப்பித்தவர்கள் பலர் உண்டு. தப்பித்த இடத்துக்கே திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?

லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் மேரிலாந்துக்குப் பொருந்தவில்லை என்பதைப் பேரனின் பாடத்தோடுதான் நான் கவனித்தேன். உள்நாட்டுப் போரின்போது நாட்டை விட்டுப் பிரியாத மாநிலம் என்பதால் அது விலக்காகிவிட்டது. மறு ஆண்டு புதிய மாநில அரசியலமைப்பின் மூலம் அடிமை முறையை ஒழித்தபோது, வாக்கு வித்தியாசம் வெறும் 375. அதுவும் போர்க்களத்திலிருந்த வீரர்களின் வாக்குகளால் கிடைத்தது.

அனாபொலிஸின் இரண்டாவது சிலைக்கு உரியவரான தர்குட் மார்ஷல் 1908இல் பால்டிமோரில் பிறந்தார். சொந்த ஊரின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பதால், வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் ரயிலில் போய்வந்தார். தாயார் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். பட்டம் பெற்று வந்தவர், தம் ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து, அதே கல்லூரிக்கு எதிராக டொனால்ட் மரே என்னும் மாணவருக்காக 1935இல் வழக்காடிக் கதவைத் திறந்துவைத்தார். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த தீர்ப்பைப் பெற்றுத் தந்தவரும் அவரே. 1967இல், டானி தலைமை வகித்த அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

பேஸ்பால் வீரர் பேப் ரூத், பியரியோடு வட துருவப் பயணம் மேற்கொண்ட மேத்யூ ஹென்சன் என்று இன்னும் பலர் இங்கே பிறந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்ஷலுக்கு 1996இல் அதே சட்டமன்றத்தின் மறுபக்கத்தில் சிலை வைத்தார்கள். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கட்டடத்தின் ஒரு பக்கம் டானி, மறுபக்கம் மார்ஷல். அதுவே சமநிலை என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சட்டம் இயற்றும் அவையின் வாசலில் ஒருவரைப் பீடத்தில் அமர்த்துவது நினைவூட்டல் அன்று, மரியாதை. எவர்களைக் குடிமக்களே அல்லர் என்று அவர் சொன்னாரோ, அவர்களின் பிள்ளைகள் உறுப்பினர்களாக அந்த வாசலைக் கடந்து உள்ளே போக வேண்டியிருந்தது. டானியின் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் எழுத்து மாறாமல் இருக்கிறது. பேரனின் பாடத்திலும் இருக்கிறது. 2020இல் அந்தக் கட்டடத்துக்குள், அடிமை முறையை ஒழித்த அவை கூடிய அறையில், டக்ளஸுக்கும் டப்மனுக்கும் சிலை வைத்தார்கள். இம்மாநிலத்தின் முதல் கறுப்பின ஆளுநர் வெஸ் மோர் 2023இல் டக்ளஸின் பைபிள் மீது கை வைத்துப் பதவியேற்றார். அவரும் இங்கே பிறந்தவர்தான்.

நீங்கள் இதை ஏற்க மறுத்தால், உங்கள் காரணங்களை விரிவாக எழுதுங்கள். நடுவயதில் அடிமை முறையைக் கறை என்று சொன்ன டானி முதுமையில் ஏன் அப்படி மாறினார் என்பதற்கு உங்கள் விளக்கத்தையும் கேட்க விரும்புகிறேன். வசந்த காலத்தில் பேரனை டார்செஸ்டரிலுள்ள டப்மன் நினைவகத்துக்கு அழைத்துச் செல்வதாக மகள் சொல்லியிருக்கிறாள். படங்களை அனுப்பிவைக்கிறேன். மருத்துவர் சொன்னபடி கண்ணுக்குச் சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்