பூட்ட அரை மணி நேரம் போதும், பறக்கவிட இரண்டு மாலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரத்தக்க பொருள்களில் ரிமோட்டில் இயங்கி வானில் குட்டிக்கரணம் போடும் சாகச மாதிரி விமானத்தையும் தங்கள் நாளிதழில் சேர்த்திருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் ‘பெட்டியைப் பிரித்து அரை மணி நேரத்தில் பூட்டிப் பறக்கவிடலாம்’ என்ற ஒரு வரி மட்டும் நெருடுகிறது. இறக்கையைத் திருகி மாட்ட அரை மணி நேரம் போதும். பறப்பதற்குத் தயார் செய்ய இரண்டு மாலைப் பொழுதாவது வேண்டும். முதல் நாளே தரையில் குத்தி உடையும் விமானங்களில் பலவற்றுக்குக் காரணம் மேசைமேல் விட்டுப்போன ஒரு சின்ன வேலைதான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் விடுமுறைப் பயிற்சி முகாம் நடத்துவோரும் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ரிமோட்டையே தொட்டுப் பார்க்காதவர் சாகச விமானத்தில் தொடங்கக் கூடாது. இறக்கை மேலே இருக்கும் ஃபோம் பயிற்சி விமானத்தில் கை பழகிய பிறகே இதற்கு வர வேண்டும். சாகச விமானம் கையை விட்டால் தானாக நிமிராது. எந்தக் கோணத்தில் விட்டோமோ அப்படியே போய்க்கொண்டிருக்கும். அதற்காகவே வடிவமைத்தது அது.

பெட்டியில் வருவது பெரும்பாலும் லேசான பால்சா மரத்தில் செய்து, கவரிங் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முக்கால் பங்கு வேலை முடிந்த விமானம். பேச்சுக்கு, இறக்கை முனைக்கு முனை 1.2 மீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 4 செல் 2200 எம்ஏஎச் (கொள்ளளவு) லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 800 முதல் 900 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடச் சுற்று) மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 60 ஆம்பியர் ஈஎஸ்சி, 13-க்கு 6.5 அங்குல (விட்டம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ப்ரொப்பெல்லர், இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ, மெட்டல் கியர் உள்ளதாக நான்கு என்பது ஏறக்குறையப் பொருந்தும். விமானம் மூக்கைத் தூக்கி நெட்டுக்குத்தாக ஏற வேண்டும். எனவே மோட்டாரின் இழுவிசை மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலிலும் கடற்காற்றின் ஈரத்திலும் பெட்டி வந்து சேரும்போதே கவரிங் தளர்ந்து சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஓரங்களைக் குறைந்த சூட்டில், ஏறக்குறைய 110 டிகிரியில், துணி சுற்றிய சின்ன அயர்ன் பெட்டியால் அழுத்தி ஒட்டிவிட்டு, அதன் பிறகே நடுப்பகுதியை இழுக்கச் சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். நேரே நடுவில் சூடு காட்டினால் ஓரம் பிய்ந்துகொண்டு வந்துவிடும். கவரிங் தளர்ந்த இறக்கை முறுக்கத்தைத் தாங்காது என்பதால் இது வெறும் அழகுக்கான வேலை இல்லை.

வாலில் கிடையாக இருக்கும் பின்னிறக்கையை ஒட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பசை பிடிக்க வேண்டிய இடத்தில் கவரிங்கை வெட்டி எடுக்க வேண்டும். அங்கே புது பிளேடை அழுத்தி இழுத்தால் கவரிங்கோடு அடியிலுள்ள பால்சாவும் அரை மில்லிமீட்டர் கீறிப்போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு சரியாக உடம்புச் சட்டத்தின் ஓரத்தில், விசை எல்லாம் வந்து சேரும் இடத்தில் விழுகிறது. வேகமாக லூப் (செங்குத்து வட்டம்) அடிக்கும்போது பின்னிறக்கை அந்தக் கோட்டில் மடங்கிவிடும். பிளேடுக்குப் பதில் சால்டரிங் அயர்னின் கூர்முனையைக் கோட்டின்மேல் வேகமாக ஓடவிட்டால் கவரிங் மட்டும் உருகிப் பிரியும், மரத்துக்குச் சேதமில்லை. ஒட்டுவதற்கு 30 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசை வேண்டும். 5 நிமிடப் பசையில் நேர் பார்க்க அவகாசம் கிடைக்காது. மே மாத வெக்கையில் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே பசை இறுகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வலது இறக்கை முனையிலிருந்து வலது பின்னிறக்கை முனைக்கும், இடதிலிருந்து இடதுக்கும் நூல் பிடித்து அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பின்னிறக்கையும் இரு இறக்கைகளையும் இணைக்கும் குழாயும் இணைகோடாகத் தெரிய வேண்டும்.

எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை), எலிவேட்டர் (பின்னிறக்கையில் அசைவது), ரடர் (செங்குத்து வாலில் அசைவது) மூன்றின் கீல்களும் இடைவெளி இல்லாமல் நெருங்கி இருக்க வேண்டும். கீலின் நடுவில் குண்டூசி குத்தி நிறுத்தி, நீர் போன்ற, உடனே ஒட்டும் சிஏ பசையை இரு பக்கமும் ஐந்தாறு சொட்டு விட்டு, காய்ந்ததும் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். எய்லரான் இடைவெளியை அடிப்பக்கம் கண்ணாடி டேப் ஒட்டி அடைத்துவிட்டால் கட்டுப்பாடு கூர்மையாகும், வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஆபத்தும் குறையும்.

சர்வோ விஷயத்தில் வரிசை மிக முக்கியம். ரிமோட்டைப் போட்டு, டிரிம், சப் டிரிம் என்னும் நடுநிலைத் திருத்தங்கள் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வைத்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து நடுவில் நிற்கவிட்ட பிறகே அதன் கையை (தண்டில் மாட்டும் சிறு நெம்புகோலை) மாட்ட வேண்டும். கை, அதையும் அசையும் பலகையையும் இணைக்கும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக நிற்கும்படி சர்வோ தண்டின் பல்லைத் தேடி மாட்டி, மிச்சமிருக்கும் இம்மியை மட்டும் சப் டிரிமில் திருத்த வேண்டும். பிறகு புஷ்ராடின் நீளத்தை அதன் முனைக் கவ்வியான கிளெவிஸைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தலைகீழாக, முதலில் கம்பியை மாட்டிவிட்டு ரிமோட்டில் சப் டிரிமைத் தள்ளிக்கொண்டே போனால் எலிவேட்டர் மேலே 40 டிகிரி, கீழே 25 டிகிரி என்று ஒருச்சாய்வாக ஆகிவிடும். சர்வோ கையின் நடுத்திருகைப் போட மறப்பதும் மிகச் சாதாரணமாக நடக்கிறது. தரையில் ஆட்டிப் பார்த்தால் ஒழுங்காகவே வேலை செய்யும். காற்றின் அழுத்தத்தில் கை கழன்று வந்துவிடும். ஆகவே அமைப்பு முடிந்ததும் அந்தத் திருகைப் போட்டு, போட்டதற்கு அடையாளமாக மார்க்கரில் ஒரு புள்ளி வைப்பது நல்ல பழக்கம்.

மோட்டார் மாட்டும் பலகை 2 முதல் 3 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். தொழிற்சாலைத் தவறு என்று எண்ணி வாஷர் வைத்து நேராக்கிவிடுகிறார்கள். ப்ரொப்பெல்லர் சுழலும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்டவே அந்தச் சாய்வு. தொட வேண்டாம். ப்ரொப்பெல்லரில் அளவு எழுதிய பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். இந்தச் சோதனை எல்லாம் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான். 13 அங்குல ப்ரொப்பெல்லர் விரலை எடுத்துவிடும். பிள்ளைகள் கூடும் முகாமில் இதற்கு விதிவிலக்கே இருக்கக் கூடாது.

முன்னால் காற்று நுழையும் வழியைப் போல இரண்டு மடங்கு வெளியேறும் வழி வேண்டும். அடிவயிற்றில், பின்பக்கமாகக் கவரிங்கை வெட்டித் திறந்துவிடலாம். 38 டிகிரி வெயிலில் இதைச் செய்யாவிட்டால் ஈஎஸ்சி கொதித்துப் பாதியில் நின்றுவிடும். ஈஎஸ்சிக்குள் இருந்து சர்வோக்களுக்கு மின்சாரம் தரும் பிஇசி 5 ஆம்பியர் தரும் ஸ்விட்சிங் வகையா என்றும் பார்க்க வேண்டும். மலிவான லீனியர் வகை, 4 செல் பேட்டரியின் 16 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும்போது மிச்சத்தையெல்லாம் சூடாகக் கக்கும். நான்கு சர்வோவும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவர் ஒரு கணம் அணைந்து போகும். ‘சிக்னல் போய்விட்டது’ என்று சொல்லப்படும் பல விபத்துகளின் உண்மைக் காரணம் இதுதான்.

இனி ஈர்ப்பு மையம். எதை விட்டாலும் இதை விடக் கூடாது. கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். முதல் பறப்புக்கு அதன் முன் எல்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கடியில் குறித்த இரு புள்ளிகளில் இரு விரல் கொடுத்துத் தூக்கினால் மூக்கு இம்மி தாழ்ந்து நிற்க வேண்டும். இறக்கை கீழே அமைந்த விமானமானால் கவிழ்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் பேட்டரியை நகர்த்த வேண்டும். ஈயம் சேர்ப்பது கடைசி வழி. வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டவுடன் விமானம் துள்ளும், அடக்கவே முடியாது. மூக்கு கனத்தால் வேகமாக வந்து இறங்க நேரிடும், அவ்வளவுதான். அதனால் தவறினாலும் மூக்குப் பக்கம் தவறுவதே மேல். பிறகு காற்றிலேயே நுணுக்கமாகப் பார்க்கலாம்: 45 டிகிரியில் ஏறும்போது தலைகீழாகப் புரட்டி ஸ்டிக்கை விட்டால், அதே கோட்டில் கொஞ்ச தூரம் போய் மெதுவாகச் சரிந்தால் சரியான இடம். சட்டென்று தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம், மேலே ஏறப் பார்த்தால் வால் கனம். பேட்டரியை 5 மில்லிமீட்டர் 5 மில்லிமீட்டராக நகர்த்தி இதைக் கண்டுபிடிக்கலாம்.

எவ்வளவு அசைவு வேண்டும் என்பதையும் கண்ணால் மதிப்பிடாமல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். முதல் பறப்புக்கு எலிவேட்டர் 12 டிகிரி, எய்லரான் 15 டிகிரி, ரடர் 25 டிகிரி, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் போதும். அகலம் 6 சென்டிமீட்டர் உள்ள எலிவேட்டர் 12 டிகிரி அசைந்தால் அதன் பின்விளிம்பு 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். சாகசத்துக்கான 45 டிகிரி, 50 சதவீத எக்ஸ்போ அமைப்பை இன்னொரு சுவிட்சில் வைத்துக்கொண்டு, அதை உயரத்தில் மட்டும் தொடலாம். எக்ஸ்போவில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ரிமோட்டில் கூட்டல் எண் போட்டால் நடுப்பகுதி மென்மையாகும். ஃபுடாபாவில் கழித்தல் எண் போட வேண்டும். மாற்றிப் போட்டால் விமானம் இரண்டு மடங்கு முரட்டுத்தனமாகிவிடும். ஸ்டிக்கைக் கொஞ்சமாக அசைத்து, பின்விளிம்பு அதைவிடக் குறைவாக அசைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

திசைச் சோதனைக்கு விமானத்தின் பின்னால் நிற்க வேண்டும். எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை நம்மை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடர் வலம் என்றால் வலம். எய்லரான் தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல் விட்ட விமானத்துக்கு ஆயுள் பத்து வினாடிதான். ஏதோ அசைகிறது என்று பார்ப்பது சோதனை ஆகாது. எந்தப் பக்கம் அசைகிறது என்று வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரிசீவரின் இரு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாயிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் விலகி இருக்கட்டும். முனையில் உறை நீங்கித் தெரியும் 31 மில்லிமீட்டர்தான் சிக்னலைப் பிடிக்கும் பகுதி. அதை மடக்கி டேப் ஒட்டக் கூடாது. சிக்னல் அறுந்தால் செயல்படும் ஃபெயில்சேஃபில் த்ராட்டில் (மோட்டார் வேகம்) அடியோடு நிற்கும்படி அமைத்து, ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் நிற்கவில்லையென்றால் அன்று பறப்பு இல்லை.

லைப்போ பேட்டரி ஒரு செல் 4.2 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 4 செல்லுக்கு 16.8. 2200 எம்ஏஎச் பேட்டரியை 2.2 ஆம்பியரில், தரை ஓட்டின் மேலோ மணல் நிரப்பிய தட்டிலோ வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்ய வேண்டும். முதல் பறப்புக்கு 4 நிமிடம் என்று டைமர் வைத்து, இறங்கியதும் செல்லுக்கு 3.75 வோல்ட்டுக்குக் கீழே போகாதபடி நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அடுத்த இரண்டு நாளில் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கடலூர் வெள்ளிக் கடற்கரை அகலமாக இருக்கிறதே என்று தோன்றும். மக்கள் கூட்டம் ஒருபுறம், மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கருமணல் ஒருபுறம். உப்புக்காற்று பேரிங்கையும் கனெக்டரையும் அரிக்கும். அறுவடை முடிந்து காய்ந்த வயல்வெளிதான் நல்லது, அதுவும் காலை 6 முதல் 8 மணிக்குள். வெயில் ஏறியபின் கடற்காற்று வேகம் பிடித்துவிடும். சவுக்குத் தோப்பு ஓரத்தில் காற்று சுழலும் என்பதால் தோப்பிலிருந்து விலகியே இறக்க வேண்டும். பறவைகள் வந்து தங்கும் ஊசுட்டேரிப் பக்கம் போகவே கூடாது.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில், ஊரை ஒட்டியே இருக்கிறது. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் உயரம். அதற்கு அப்பால், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி. புதுச்சேரி நகரத்து மைதானங்களில் முகாம் நடத்த எண்ணுவோர், இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். கடலூரில் தூரம் ஒரு சிக்கல் இல்லையென்றாலும் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலங்கள் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

இரண்டு நாள் முகாமென்றால் முதல் நாள் முழுக்க மேசை வேலைக்கே ஒதுக்க வேண்டுமென்று நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, ஈர்ப்பு மையம் பார்க்கும் முறைக்கும் எய்லரான் திசைக்கும் ஒரு படம் சேர்த்துப் போட்டால், பிள்ளைகள் அதை வெட்டி ரிமோட் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமான ஆர்வலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.