இங்கிலீஷ் வழியாக வேண்டாம்: ஸ்பானியக் கொலை காமெடிக்குத் தமிழ் சப்டைட்டில் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கங்களை நடத்தும் தோழர்களுக்கும், பால்புதுமையினர் படவிழாக்களை முன்னின்று நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

படத்தைத் தேர்வு செய்து, அரங்கம் பிடித்து, போஸ்டர் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சப்டைட்டில் ஞாபகம் வருகிறது. இங்கிலீஷ் எஸ்ஆர்டி கோப்பு (வசனமும் அது தோன்றும் நேரமும் மட்டும் அடங்கிய சப்டைட்டில் கோப்பு) ஒன்று வந்து விழுகிறது, கூடவே "நாலு நாளில் தமிழில் வேண்டும்" என்று ஒரு வரி. சோகப் படமென்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். 'சுவேக்காடவுன்' மாதிரி, ஆர்ப்பாட்டமும் அலங்காரமும் கொலையும் கலந்த ஸ்பானிய கே காமெடியை அப்படிச் செய்தால் சிரிப்பும் போகும், கதையும் போகும். ஆகவே கேட்கிறோம்: ஸ்பானிய வசனப் பட்டியலைப் படத்தின் உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஸ்பானியம் காதில் விழுந்தால் புரிகிற ஒருவரை உடன் உட்காரவையுங்கள். இங்கிலீஷ் கோப்பு பக்கத்தில் இருக்கட்டும், சந்தேகம் பார்க்க.

படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு: ஹுவான் ஃப்ளான் இயக்கி 2007-ல் வந்தது, ரஃபா மார்த்தினெஸின் காமிக்ஸை வைத்து எடுத்தது. இடம் மத்ரித் நகரின் சுவேக்கா. ஒரு காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, பிறகு கே மக்களின் பேட்டையாக மாறிய பகுதி. விக்தோர் என்கிற ரியல் எஸ்டேட் ஏஜென்ட், தனியாக வாழும் வயதான பெண்களைக் கொன்று, அவர்கள் வீடுகளைப் பளபளப்பாக்கி, அழகான ஆண் ஜோடிகளுக்கு விற்கிறான். மறுபக்கம் லியோவும் ரெய்யும். உடம்பு பெருத்த, முடி அடர்ந்த, ஜிம்முக்குப் போகாத, சாதாரணமான ஜோடி. ரெய்யின் அம்மா அந்தோனியாவாக கோன்ச்சா வெலாஸ்கோ, போலீஸ் இன்ஸ்பெக்டர் மிலாவாக ரோசா மரியா சர்தா. ஸ்பெயினின் நாடக மேடையிலும் திரையிலும் பல பத்தாண்டுகள் கோலோச்சிய இந்த இருவரும் இன்று இல்லை. சர்தா 2020-லும் வெலாஸ்கோ 2023-லும் காலமானார்கள். இவர்கள் இருவரின் வாயில் வரும் வசனத்துக்காகவாவது கூடுதல் உழைப்பு போடலாம்.

ஸ்பானியத்திலிருந்து நேரே வரச் சொல்வதற்கு முதல் காரணம், இந்த விஷயத்தில் தமிழ் இங்கிலீஷைவிட ஸ்பானியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 'து', 'உஸ்தெத்' என்று இரண்டு உண்டு. நமக்கு நீ, நீங்க. இங்கிலீஷில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. கொலைக்காரன் கிழவியிடம் எந்த இடத்தில் மரியாதையாகப் பேசுகிறான், எந்த இடத்தில் திடீரென்று நெருக்கம் காட்டுகிறான் என்பது கதையின் நரம்பு. இங்கிலீஷ் கோப்பை மட்டும் பார்த்து எழுதுகிறவர் அதை ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஊகம் காட்சிக்குக் காட்சி மாறும். முதல் காட்சியில் நீங்க, மூன்றாவது காட்சியில் நீ, ஐந்தாவதில் மறுபடி நீங்க என்று வந்தால், பார்ப்பவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ நடந்துவிட்டதென்று தப்பாக நினைப்பார்கள். வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் கட்டம் போட்டு, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று முழுப் படத்தையும் கேட்டு எழுதிவிட வேண்டும். அரை நாள் வேலை. பிறகு ஒரு வாரம் மிச்சமாகும்.

அதே போலத்தான் ஆண்கள் ஒருவரை ஒருவர் பெண்பாலில் கூப்பிடுவது. சுவேக்காவின் நண்பர்கள் கூடினால் 'ஈஹா' (மகளே), 'நேனா' (பெண்ணே) என்று தாராளமாகப் புழங்கும். நமக்கு 'அடியே', 'வாடி', 'போடி' கையிலேயே இருக்கிறது. நம்மூர்ச் சமூகமும் அப்படித்தான் பேசிக்கொள்கிறது. ஆனால் கே ஆணைக் குறிக்கும் கொச்சைச் சொல்லான 'மரிக்கோன்' கொஞ்சம் கஷ்டம். நண்பன் சொன்னால் செல்லம், தெருவில் எவனோ கத்தினால் வசை. தமிழில் இரண்டையும் சுமக்கிற ஒரே சொல் இல்லை. ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்: நண்பர்களுக்கு நடுவில் 'டி' போட்டால் போதும், வசையாக வரும் இடத்தில் 'பொட்டை' என்று காயப்படுத்தும் சொல்லே வரட்டும். அங்கே மென்மையாக்கினால் அடுத்து வரும் கோபம் காரணமில்லாத கோபமாகிவிடும்.

கதாபாத்திரத்தின் வாய்ச்சொல் வேறு, நீங்கள் போஸ்டரிலும் அறிமுகத் தாளிலும் எழுதும் சொல் வேறு. அங்கே 'ஓரினச்சேர்க்கையாளர்' வேண்டாம். அது மனிதரைப் படுக்கைக்குள் சுருக்கிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொற்கோவை இருக்கிறது, அதைப் பாருங்கள். 'நோவியோ' என்றால் காதலன். 'மரீதோ' என்றால் கணவன். ஸ்பெயினில் 2005 ஜூலை 3 முதல் ஆணும் ஆணும் சட்டப்படி மணக்கலாம். படம் வந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது இரண்டு. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பெருமிதம் இருந்த காலம். அதை 'நண்பர்' என்று மாற்றச் சொல்லி எங்களிடம் வராதீர்கள். அது மொழிபெயர்ப்பு இல்லை, தணிக்கை.

'ஓசோ' என்றால் கரடி. பெருத்த, முடி நிறைந்த கே ஆண்களுக்கு அங்கே அதுதான் பெயர், லியோவும் ரெய்யும் அந்த வகை. நமக்கோ கரடி என்றதும் கரடி விடுவதும், சிவ பூஜைக்குள் புகுந்த கரடியும் நினைவுக்கு வந்து, தப்பான இடத்தில் சிரிப்பு எழும். இருந்தாலும் கரடியை மாற்ற வேண்டாம் என்பது எங்கள் முடிவு. முதல் தடவை வரும்போது 'கரடி உடம்புக்காரங்க' என்று போட்டால், திரையில் தெரியும் உருவத்தோடு சொல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறையிலிருந்து 'கரடி' போதும். 'ப்ளூமா' அப்படியில்லை. இறகு என்று எழுதினால் யாருக்கும் புரியாது, 'நளினம்' என்பது பொருந்தும். 'அலமாரியை விட்டு வெளியே வந்தான்' என்பதை அப்படியே எழுதியிருக்கிற சப்டைட்டில்கள் உண்டு. வீட்டில் சொல்லிவிட்டான் என்பதுதான் விஷயம்.

மாமியார் விஷயத்தில் தமிழுக்கு வரமே கிடைத்திருக்கிறது. 'சுவேக்ரா' என்ற சொல்லில் ஸ்பானியர்கள் கேட்கும் அத்தனை வில்லங்கமும் 'மாமியார்' என்ற சொல்லில் நமக்கும் கேட்கும். கூப்பிடும் சொல்லில்தான் கவனம் வேண்டும். அங்கே மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சகஜம். தமிழில் லியோ 'அந்தோனியா' என்று கூப்பிட்டால் மகா திமிராகத் தெரியும், 'அத்தை' என்றால் இருவருக்கும் நடுவில் இல்லாத பாசம் வந்துவிடும். விளிச்சொல்லையே விட்டுவிட்டு 'நீங்க' மட்டும் வைப்பதுதான் வழி. குரலும் முகமும் மீதியைச் சொல்லும்.

இனி கொலை. ஸ்பானிய வினைச்சொல் எழுவாய் இல்லாமலே நிற்கும், வந்தது ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழ் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தான்' என்று எழுதிய கணமே இன்ஸ்பெக்டருக்குத் தெரியாத ஒன்றை அவர் வாயில் போட்டுவிடுகிறோம். 'யாரோ வந்திருக்காங்க', 'வந்தது யாருன்னு தெரியல' என்று திருப்ப வேண்டும். சொல் வரிசையும் அப்படித்தான். உதாரணத்துக்கு ஒரு வாக்கியம், படத்தில் உள்ளதல்ல: 'லா மத்தோ எல் தெ லா இன்மொபிலியாரியா'. கொன்றது என்று தொடங்கி, ரியல் எஸ்டேட்காரர் என்று முடிகிறது. 'ரியல் எஸ்டேட்காரர்தான் அவங்களைக் கொன்னாரு' என்று எழுதினால் நடிகர் வாயைத் திறக்கும்போதே அரங்கம் முடிவைப் படித்துவிடும். 'அவங்களைக் கொன்னது…' என்று ஒரு அட்டை (திரையில் ஒரு நேரத்தில் தோன்றும் சப்டைட்டில்), அடுத்த அட்டையில் 'அந்த ரியல் எஸ்டேட்காரர்.' பஞ்ச் வரிக்கும் இதே விதிதான். நடிகர் சொல்லும் முன் எழுத்து சொல்லக்கூடாது.

மாடி எண்ணையும் இங்கிலீஷ் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்பெயினிலும் நம்மைப் போலத் தரைத்தளத்துக்கு மேலே உள்ளதுதான் முதல் மாடி. அமெரிக்கக் கணக்கில் அது இரண்டாவது. யார் எந்த மாடியில் இறந்தார்கள் என்பது துப்பாக இருக்கும் கதையில் இது சின்னத் தப்பில்லை. 'நோத்தாரியோ'வை நோட்டரி என்று எழுதினால் கோர்ட் வாசலில் சீல் குத்துபவர்தான் கண்ணில் நிற்பார். ஸ்பெயினில் உயிலும் வீட்டு விற்பனையும் அவர் முன்னால்தான் நடக்கும், பெரிய பதவி. 'உயில் பதிவு அதிகாரி' என்றால் போதும். விக்தோரை 'வீட்டுத் தரகர்' ஆக்காதீர்கள். அக்குளில் மஞ்சப்பையோடு ஒருவர் வந்து நிற்பார். அவன் 'ஏஜென்ட்'.

தொழில்நுட்பத்துக்கு வருவோம், அதிகம் சொதப்புவது இங்கேதான். ஐரோப்பிய டிவிடி பெரும்பாலும் வினாடிக்கு 25 பிரேம் ஓடும், தியேட்டர் பிரதி 24. நூறு நிமிடப் படம் டிவிடியில் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றுக்குச் செய்த கோப்பை மற்றதற்குப் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். விலகல் போகப் போகக் கூடினால் பிரேம் வேகம்தான் காரணம். 24-லிருந்து 25-க்கு மாற்ற நேரக் குறிப்புகள் எல்லாவற்றையும் 0.96 ஆல் பெருக்குங்கள். முழுக்க ஒரே அளவு விலகினால் தொடக்கத்தில் கம்பெனி லோகோ நீளம் வேறு, நகர்த்தினால் போதும். நடுவில் திடீரென்று தாவினால் உங்களிடம் இருப்பது வேறு வெட்டு, ஒரு காட்சி கூடவோ குறையவோ இருக்கும். ஆகவே எந்தப் பிரதியைத் திரையிடப்போகிறீர்களோ அதையே முதலில் அனுப்புங்கள். பிரதி கடைசியில் மாறினால் எங்களிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

ஸ்பானியர் வேகமாகப் பேசுவார்கள், வினாடிக்கு ஏழு எட்டு அசை. எல்லாவற்றையும் எழுத முடியாது. இரண்டு வரி, ஒரு அட்டை குறைந்தது ஒரு வினாடி, அதிகபட்சம் ஆறு. இரண்டு அட்டைக்கு நடுவே இரண்டு பிரேம் இடைவெளி. எழுத்துக் கணக்கை மென்பொருளை நம்பி வைக்காதீர்கள். 'கொலையாளி' கண்ணுக்கு நாலு எழுத்து, மென்பொருளுக்கு எட்டு. இங்கிலீஷுக்கு வைத்த எழுத்து வரம்பைத் தமிழுக்கும் வைத்தால் வசனம் தேவையில்லாமல் எலும்பாகும்.

கோப்பைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறி. டிசிபி-யாக (தியேட்டர் சர்வரில் ஓடும் டிஜிட்டல் பிரதியாக) திரையிடுவதானால் எழுத்தாக அனுப்பாமல் பிஎன்ஜி படங்களாக அனுப்புவதோ, படத்திலேயே பதித்துவிடுவதோ பாதுகாப்பு. பல சர்வர்களுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது, 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறி நிற்கும்.

முழு நீளக் காமெடியில் அட்டைகள் ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு வாரம் எழுத, மூன்றாவது வாரம் திருத்த. திருத்துபவர்களில் ஒருவராவது கே ஆணாக இருக்கட்டும், எந்த 'டி' சிரிக்கவைக்கிறது, எந்த 'டி' கேலி செய்கிறது என்று அவருக்கு உடனே தெரியும். அவருக்கும் சம்பளம் கொடுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காட்சிக்கு முந்தின நாள் அரங்கத்திலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து. பத்துப் பேரையாவது கூட்டி வாருங்கள். அவர்கள் உரக்கச் சிரிக்கும் இடத்துக்கு அடுத்த அட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டிருப்பவர் கண் அதைத் தவறவிடும். அந்த அட்டையில் ஒரு துப்பு இருந்தால், அடுத்த வசனம் தொடங்கும் வரை அதைத் திரையில் நிற்கவிட வேண்டும். குறித்ததை அன்று இரவே அனுப்பினால் காலைக்குள் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்பானியப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவர்கள்