செல்லாக் காசுக்கு ஒரு கடிதம்

நங்கநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நடேசா,

கமலாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடி ஏறுகிறாள். கணேசன் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தியில் அப்பளம் நொறுங்காமல் வந்தது, உன்னை நினைத்துக்கொண்டோம். சம்பிரதாயம் முடிந்தது.

"பணி ஓய்வுக்குப் பிறகு நான் செல்லாக் காசு" என்று எழுதியிருக்கிறாய். அதுவும் முத்து முத்தான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு! முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இங்கே என் பிள்ளை முரளி இதற்கு நேர் எதிரான கூத்தை நடத்திக்கொண்டிருக்கிறான்.

ஓ.எம்.ஆரில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஆள்குறைப்பு. கமலா போனில் தங்கச்சியிடம் அழுதிருப்பாள். வீட்டில் அடைந்து கிடந்தவன், யாரோ சொன்னார்கள் என்று ஒரு தன்னம்பிக்கை வகுப்பில் சேர்ந்தான். கட்டணத்தைச் சொன்னால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் வெற்றியாளன், என்னை எல்லோருக்கும் பிடிக்கும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். குளியலறைக் கண்ணாடியில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டான். வெந்நீர் ஆவியில் ஓரம் சுருண்டு, மை கரைந்து, 'யாளன்' மட்டும் மிச்சம். தலைக்கு மேல் விமானம் போனால் குரலை உயர்த்துவான். வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே போனபோது இருந்ததைவிட வாடியிருக்கும்.

நான் கதை கட்டவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான். "நான் அன்புக்கு உரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குச் சிறிது தெம்பு வந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு மனம் இன்னும் சோர்ந்தது. வாய் ஒன்றைச் சொன்னதும், உள்ளே உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சி வக்கீல் சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார் போலும்.

நீ மட்டும் என்ன? அவன் தனக்கு நூற்றுக்கு நூறு போடப் பார்க்கிறான், நீ முட்டை போடுகிறாய். காலமெல்லாம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: மதிப்பெண் தாளுக்குத்தான், பையனுக்கு இல்லை.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே சுயமதிப்பை ஒரு பின்னமாக எழுதிவிட்டார். மேலே தொகுதியில் நாம் சாதித்தது, கீழே பகுதியில் நாம் ஆசைப்பட்டது. இது எனக்குப் பிடிக்காமல் போகுமா! தன்னைவிட உளவியல் அதிகம் தெரிந்தவர் இருந்தால் தனக்கு அவமானம், கிரேக்கம் தெரியாததைப் பற்றியோ கவலையே இல்லை என்கிறார் மனிதர். உன் பகுதியில் இருப்பது ஒரே ஒரு மேலாளர் நாற்காலி. ஏப்ரலில் அதில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார், நீ பூஜ்ஜியமாகிவிட்டாய். பக்கத்து வீட்டு வாண்டுகளிடம் கேரம் தோற்றுவிட்டுச் சிரிக்கிறாயே, அந்த ஆள் எந்தக் கணக்கில் வருவான்?

ஒன்று கேட்கிறேன். கணேசனின் அச்சகத்தை மூடிய அன்று ராத்திரியே ரயில் ஏறிப் போனவன் நீ. அவனைச் செல்லாக் காசு என்றாயா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைத்தாய், கடன்காரர்களிடம் நீயே பேசினாய். கிறிஸ்டின் நெஃப் என்ற பேராசிரியை 2003 முதல் எழுதிவருவதும் இதைத்தான்: நண்பனுக்குக் காட்டும் பரிவைத் தனக்கும் காட்டுவது, சறுக்கல் எல்லோருக்கும் பொது என்று நினைப்பது. அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இன்னொன்று, விளையாட்டில்லாமல். தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார். 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. முரளி ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்ததைக் கமலா பார்த்த பிறகு, அவனை ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனோம். சீட்டைக் கிழிக்கச் சொன்னவர் அவர்தான். நேர்முகத் தேர்வு முடிந்து வந்ததும் அங்கே என்ன நடந்தது என்று மட்டும் எழுத வேண்டுமாம். "நான் உதவாக்கரை" என்ற தீர்ப்பு அதில் வரக் கூடாதாம். எழுதுகிறான். எங்களிடம் காட்டுவதில்லை. உன்னிடம் காட்டுவான் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நடேசன் மாமா என்றால் தனி.

அதனால் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் வந்து இரு. கேரம் போர்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டேன், பவுடர் மட்டும் நீ வாங்கி வா. என்னிடம் வாங்கிய அந்த 350 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. கடனை அடைத்துவிட்டால் உன்னைக் கேலி செய்ய எனக்கு என்ன இருக்கிறது?

அன்புடன்,
சுந்தரம்