கைதூக்கச் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு அறவியல் வகுப்பை பிரேக் பிடிக்காத டிராம் வண்டியோடு தொடங்குவது வாடிக்கை. தடத்தில் நிற்கும் ஐவரைக் காக்க, ஒருவர் மட்டும் நிற்கும் வேறு தடத்துக்கு வண்டியைத் திருப்பலாமா? கைதூக்கச் சொல்லி எண்ணுவதோடு பாடம் முடிகிறது. அது வெறும் வாக்கெடுப்பு.

1967இல் இதை எழுதிய பிரிட்டிஷ் தத்துவவாதி பிலிப்பா ஃபுட், கலவரக் கும்பலிடமிருந்து ஐவரை மீட்க நிரபராதியைத் தூக்கிலிடும் நீதிபதியையும் அருகில் நிறுத்தினார். உயிர்க்கணக்கு ஒன்றுதான், ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொன்னவர்களே இங்கே தயங்குவார்கள். ஏன் என்பதுதான் பாடம்.

முதல் பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். கைதூக்கினால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். அடுத்து நீதிபதி. பிறகு, இரண்டுக்குமான வேறுபாடு ஒரே வாக்கியத்தில். ‘சட்டம் அனுமதிக்காது’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சட்டம் நியாயமா என்பதே கேள்வி. அதிகம் பேருக்கு நன்மை தருவதே சரி என்னும் கொள்கைதான் பயன்வாதம்; வினாத்தாளில் ‘பயன்வாதம் - சிறுகுறிப்பு வரைக’ என்பதையும் பாடத்திட்டக் குழு கைவிட வேண்டும்.

- தத்துவ ஆசிரியர், மதுரை