வடக்குச் சுவர் ஓரம்

காட்பாடி,
ஐப்பசி 12

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி பரவாயில்லையா? பேத்தி நடக்கிறாள் என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இங்கே மழை தொடங்கியாச்சு. 2021 நவம்பரில் கரைபுரண்ட பாலாறு இப்போது வெறும் மணல்தான்.

ஆனால் எங்கள் வீட்டு வடக்குச் சுவர் ஓரத்தில் மட்டும் வருஷம் முழுக்க ஈரம். துவைக்கிற கல்லின் தண்ணீர் அங்கேதான் போகிறது. உன் வீட்டுப் பின்பக்கமும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாய். நான் பட்டதைச் சொல்கிறேன், கேள்.

முதலில் மல்லிகைப் பதியன் வைத்தேன். இலை மஞ்சளித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன், என் புத்தி! பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கொழகொழவென்று, அழுகிய முட்டை நாற்றம். மண்ணை உருட்டிப் பார்த்தேன். முறுக்கு மாவு போல நீளமாக வந்தது, வளைத்தாலும் உடையவில்லை. சரியான களிமண். யாரோ சொன்னார்கள் என்று நாலு கூடை மணல் கலந்தேன், காய்ந்ததும் செங்கல்லாகிவிட்டது. அப்புறம் மக்கிய சாணி எருவும் புங்கஞ்சருகும்தான் காப்பாற்றின. ஈரமாக இருக்கும்போது மட்டும் அந்த மண்ணை மிதிக்காதே.

இப்போது சேம்பு ஆளுயரம் நிற்கிறது. வசம்பும் பிடித்துக்கொண்டது, இலையைக் கசக்கினால் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற அதே வாசனை. கல்வாழை வளர்கிறது, நிழலில் பூ குறைவுதான். வல்லாரை படர்ந்துவிடும், ஆனால் சமையலுக்கு என்றால் சோப்புத் தண்ணீர் படாத கோடியில் வை.

ஒன்று மறக்காதே. வடக்குப் பக்கம் நிழல் என்று நம்பி நானும் ஏமாந்தேன். மார்கழியில் அங்கே வெயிலே விழாது. ஆனால் சித்திரை 10 தேதி வாக்கில் உச்சிச் சூரியன் நம் ஊருக்கு வடக்கே போய்விடுகிறது, ஆவணி பிறந்துதான் திரும்புகிறது. கத்திரி வெயில் நேரே அந்தச் சுவரில் அடிக்கும். இந்த வருஷம் என் பெரணி மூன்றே நாளில் கருகியது. இப்போது தொட்டியில் வைத்திருக்கிறேன், சித்திரையில் உள்ளே தூக்கிவிடலாம்.

தம்பி பொங்கலுக்கு வரும்போது ஒரு கோணிப்பை கொடுத்தனுப்பு. சேம்பும் வசம்புக் கிழங்கும் ஈரச் சாக்கில் கட்டித் தருகிறேன். சேம்பை வெறுங்கையால் நறுக்காதே, அரிக்கும்.

அன்புடன்,
கமலா